வராண்டாவில் மரத்தளம்: மக்கிப்போன முதல் தளமும், நிற்கிற இரண்டாவது தளமும்

கடப்பாரை நுனியைப் பலகைக்கு அடியில் கொடுத்து லேசாகத்தான் நெம்பினேன். பலகை ஸ்க்ரூவை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தது. மேல்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போன வருடம் அடித்த வார்னிஷ் அங்கங்கே உரிந்திருந்தது, அவ்வளவுதான். திருப்பிப் போட்டால், கீழ்ப்பக்கம் தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் முதல் கணு வரை உள்ளே போனது. வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. சுவரும் சிமெண்ட் தளமும் சேரும் இடத்தில் ஒரு விரிசல், அதிலிருந்து பென்சில் தடிமனில் கரையான் மண்குழாய் ஏறி நேராகச் சட்டத்துக்குள் போயிருந்தது. தளம் போட்டு இரண்டு சாரல் காலம்தான் ஆகியிருந்தது.

வீடு தென்காசிப் பக்கம், அப்பா கட்டியது. முன்னால் பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலத்தில் வெறும் சிமெண்ட் வராண்டா. மேலே சன்ஷேட் இருந்தாலும் எங்கள் பக்கத்து மழைக்கு அது போதாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் சாரலைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வரும். வராண்டா நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. சிமெண்டில் பாசி பிடிக்கும், வழுக்கும். ஒரு ஆடி மாதம் அம்மா அதில் விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கீரை ஆய்வது, பூக் கட்டுவது, பக்கத்து வீட்டு அத்தையோடு பேசுவது எல்லாமே அம்மாவுக்கு அந்த வராண்டாத் தரையில் உட்கார்ந்துதான். மழைக்காலத்தில் சிமெண்ட் சில்லிட்டு முழங்கால் வலிக்கும், சித்திரையில் பிற்பகலில் கால் வைக்க முடியாது. சொரசொரப்பான டைல் போடலாம் என்றார்கள். வழுக்குவது குறையும், ஆனால் சில்லிப்பும் சூடும் அப்படியேதான் இருக்கும். மரம் கடத்தும் வெப்பம் கான்கிரீட் கடத்துவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் மரம் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு சரியானதுதான். செய்த விதத்தில்தான் தவறு.

முதல் தளம் ஏன் மக்கியது

பலகை வாசலிலிருந்து வெளியே பார்த்து ஓட வேண்டும், அப்போதுதான் இடம் நீளமாகத் தெரியும் என்று வரைந்து கொடுத்தவன் நான். பலகை அப்படி ஓட வேண்டுமென்றால் அடியில் உள்ள சட்டங்கள் சுவருக்கு இணையாகக் கிடக்க வேண்டும். வராண்டாவின் வாட்டமோ (தண்ணீர் வடியும் சரிவு) சுவரிலிருந்து வெளியே. அதாவது, தண்ணீர் ஓட வேண்டிய திசைக்குக் குறுக்கே எட்டு வரிசையாகச் சட்டத்தைக் கிடத்தியிருக்கிறோம். வயலில் வரப்பு கட்டுகிற மாதிரி. பலகையைப் பிரித்த அன்று மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் அரை அங்குலத் தண்ணீர் அப்படியே நின்றது.

தண்ணீர் மட்டுமே காரணமில்லை. சட்டம் நேரடியாகச் சிமெண்டில் உட்கார்ந்திருந்தது. கான்கிரீட் தன்னுள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள், மழை நின்ற பிறகும் தொட்டுக்கொண்டிருக்கும் மரத்துக்கு அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை வளர மரத்தில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அது வளராது. எங்கள் சட்டத்தில் ஈரமானியைக் குத்தினால் 30-ஐத் தாண்டிக் காட்டியது. போதாததற்கு, எலி புகுந்துவிடும் என்று வெளி விளிம்பு மூன்றையும் பலகை வைத்து அடைத்திருந்தோம். உள்ளே போன ஈரம் வெளியே வர ஒரு வழியும் இல்லை.

மரமும் நல்ல மரமில்லை. கடையில் தேக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், தேக்குதான். ஆனால் வயதில்லாத தேக்கு, ஒவ்வொரு பலகையிலும் மூன்றில் ஒரு பங்கு, சிலதில் பாதி வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிக்கட்டை. தேக்கு கரையானைத் தாங்கும் என்று நாம் சொல்வதெல்லாம் வைரம் பாய்ந்த உள்கட்டையைப் பற்றித்தான். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மரத்துண்டுகளை மண்ணில் புதைத்து எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்த்துத் தரம் பிரித்திருக்கிறது. 120 மாதமும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் தரம். தேக்கின் உள்கட்டை அதில் சேரும். வெள்ளைக்கட்டை, எந்த மரத்துடையதாக இருந்தாலும், அந்தக் கணக்கில் வராது. கரையான் எங்கள் பலகையில் கோடு போட்ட மாதிரி வெள்ளையை மட்டும் தின்று, பழுப்புப் பகுதியைத் தொடாமல் விட்டிருந்தது. அந்தப் பலகை ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். மரம் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

ஸ்க்ரூ சாதாரண இரும்பு. தேக்கிலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரமும் சேர்ந்து ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கறுப்பு வட்டம். பாதித் தலைகள் கையோடு வந்துவிட்டன.

சிமெண்ட் தளத்திலிருந்து தொடங்கியது

இரண்டாவது முறை ஆசாரி மாறினார். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் பழைய வீடுகளைப் பிரித்துச் சேர்ப்பதில் பழக்கமுள்ள பெரியவர். மக்கிய சட்டத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "தோணி தண்ணியிலதான தம்பி கெடக்கு? அது இப்படியா ஆகுது? நீங்க மரத்த மூச்சு முட்ட வச்சிருக்கிய" என்றார். பலகையைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சிமெண்ட் தளத்தில் சுவரோரமாகத் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டோம். மிச்சம் நின்ற இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். இரண்டு பள்ளம். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னொன்று முறம் அளவு. நூல் பிடித்துப் பார்த்ததில் வாட்டமும் ஒரே சீராக இல்லை, நடுவில் முக்கால் அடி நீளத்துக்குத் தொய்வு. எண்பதுக்கு ஒன்று வாட்டம் வேண்டும், அதாவது ஒன்பது அடிக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலம் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். கொத்தனார் பழைய பாசியை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பிடிப்புக்கு லேட்டக்ஸ் கலந்த கலவையால் நிரப்பினார். ஒரு வாரம் ஈரம் காட்டிவிட்டு மறுபடி இரண்டு வாளி. இந்த முறை எதுவும் நிற்கவில்லை. மாடியிலிருந்து வராண்டா மூலையில் கொட்டிக்கொண்டிருந்த மழைநீர்க் குழாயையும் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டோம். இத்தனை வருடம் அந்தக் குழாய் வராண்டாவில்தான் கொட்டுகிறது என்பதை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை.

மரத்தளம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் வேலை இது. மேலே மரம் வந்துவிட்டால் சிமெண்ட் தெரியப்போவதில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் மழைத் தண்ணீர் முழுவதும் பலகை இடுக்கு வழியே கீழே இறங்கி அந்தச் சிமெண்டில்தான் ஓடப்போகிறது. பழைய வராண்டாவாகவே இருந்தபோது தண்ணீர் நின்றால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தள்ளலாம். மரம் மூடிய பிறகு அது முடியாது. அதனால் மூடப்போகும் தளம் திறந்திருக்கும் தளத்தைவிடச் சுத்தமாக வடிய வேண்டும்.

கரையானுக்கு, ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி சொல்கிற முறைதான். சுவரும் தளமும் சேரும் ஓரமாக அடிக்கு ஒன்று வீதம் 12 மி.மீ. துளை போட்டு, மருந்தை உள்ளே விட்டு, சிமெண்டால் அடைப்பது. கிழக்குப் பக்கம் கிணறு பக்கத்தில் இருந்ததால் அந்த ஓரத்தில் மருந்து விட நான் சம்மதிக்கவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். அங்கே விரிசலை மட்டும் அடைத்துவிட்டு, கண்ணால் பார்த்துக்கொள்வது என்று முடிவு. அதற்கு வசதியாகத்தான் பிறகு தளத்தையே அமைத்தோம்.

மரம்

பலகைக்கு ஒன்பது கன அடியை ஒட்டி, சட்டத்துக்கு இரண்டரை. சேதாரம் சேர்த்து பதின்மூன்று கன அடி பழைய தேக்கு வாங்கினோம், இடித்த வீட்டு உத்திரங்கள். ஆசாரி ஒவ்வொன்றையும் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். கணீரென்று வந்தால் ஒரு பக்கம், பொத்தென்று வந்தால் இன்னொரு பக்கம். சுவருக்குள் இருந்த முனைகளை எல்லாம் ஒரு அடிக்குக் கழித்தே கணக்குப் பார்த்தார். உத்திரம் கெடுவது பெரும்பாலும் அந்த முனையில்தான்.

செங்கோட்டை அறுவை ஆலைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஆணி பிடுங்கும் வேலை. முழுதாக ஒன்றரை நாள். தலை உடைந்து உள்ளே கிடக்கும் ஆணிக்கு மேலே மரத்தில் நீலம் கலந்த கறுப்புப் புள்ளி இருக்கும், அதைத் தேடித்தான் காந்தத்தை நகர்த்த வேண்டும். ஒரு ஆணி தப்பினாலும் ஆலையில் பட்டை ரம்பம் போய்விடும், அந்தப் பணமும் நம் கணக்கில் ஏறும். அறுத்து வந்த பலகையின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. வெளியே கரி படிந்து கிடந்த உத்திரத்துக்குள் தேன் நிறம். அம்மா ஒரு பலகையை எடுத்து முகர்ந்துவிட்டு, தன் பிறந்த வீட்டு ஊஞ்சல் பலகை இப்படித்தான் இருக்கும் என்றார்.

இத்தனை வருடம் உலர்ந்த மரம் என்பதால் இதில் இன்னொரு வசதியும் உண்டு. மரம் நீளவாக்கில் சுருங்குவது கிட்டத்தட்ட இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். பச்சை மரத்தைப் போட்டால் முதல் கோடையிலேயே இடுக்கு அகன்று கோணும். இவை ஏற்கெனவே கோண வேண்டியதெல்லாம் கோணி முடித்தவை.

அடுக்கியது

இந்த முறை சட்டங்கள் வாட்டத்தின் திசையில், சுவரிலிருந்து வெளியே பார்த்து. பதினாறு அங்குலத்துக்கு ஒன்று, மொத்தம் பத்து. ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு அங்குலம், ஒன்பது அடி. பலகைகள் அதற்குக் குறுக்கே, சுவருக்கு இணையாக. நான் ஆசைப்பட்ட அந்த நீளத் தோற்றம் போய்விட்டது. அதைப் பற்றி இப்போது எனக்குத் துளியும் வருத்தமில்லை.

சட்டம் எதுவும் சிமெண்டைத் தொடவில்லை. பழைய கன்வேயர் பெல்ட்டை இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, மூன்றங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக அடியில் வைத்தோம். 10 மி.மீ. தடிமன். அந்த இடைவெளியில் தண்ணீரும் ஓடும், காற்றும் ஓடும், கரையான் ஏறினால் மண்குழாயும் கண்ணுக்குத் தெரியும். சட்டம் நகராமல் இருக்க மூன்றடிக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் எல்-கிளாம்ப். சிமெண்டில் துளைத்த ஒவ்வொரு துளையிலும் சீலண்ட் விட்ட பிறகுதான் முடுக்கினோம்.

சட்டங்களின் நான்கு பக்கத்துக்கும் முந்திரி ஓட்டு எண்ணெய். தோணிக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும், மேலே தெரியும் பலகைக்கு ஆகாது. அடியில் கிடக்கும் கட்டைக்குப் பிரமாதம். கையில் பட்டால் கொப்பளித்துவிடும். உறை போடாமல் தொட்ட சின்னப் பையனுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. யாராவது இதைச் செய்வதாக இருந்தால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பலகை நான்கு அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன். இடுக்கு எவ்வளவு விடுவது என்பதில் ஆசாரிக்கும் எனக்கும் பேச்சு நீண்டது. நான் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) போதும் என்றேன், அம்மாவின் ஊசி, பூ நாரெல்லாம் உள்ளே விழாமல் இருக்குமே என்று. அவர் வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் கையால் காட்டினார். "பங்குனியில இது கொட்டுற பூவும் காம்பும் ஒரு நூல் இடுக்குல போய் அடைச்சிச்சுன்னா, அத நீங்க ஊசி வச்சி எடுப்பியளா?" இரண்டு நூல் விட்டோம். கால் அங்குலம். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு நூல்.

இருபத்தாறு வரிசைப் பலகை, பத்துச் சட்டம், சேரும் இடத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. ஐந்நூற்று இருபது. எல்லாம் 304 தர ஸ்டெயின்லெஸ், இரண்டரை அங்குலம். கடலோரமாக இருந்திருந்தால் உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரம் வாங்கியிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் முன்துளை, தலை அமர ஒரு குழி. பழைய தேக்கில் முன்துளை இல்லாமல் முடுக்கினால் ஒன்று பலகை பிளக்கும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ முறியும். துளைக்க மட்டும் இரண்டு நாள் ஆனது.

அடிப்பதற்கு முன்பே பலகையின் ஆறு பக்கமும் எண்ணெய் கண்டது. வெட்டு முனைக்கு மட்டும் மூன்று தடவை. மரத்தின் குழல்கள் திறந்து கிடப்பது அங்கேதான், பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக முனை தண்ணீரை இழுக்கும். முதல் தளத்தில் மக்கல் தொடங்கியிருந்ததும் பலகை இணையும் முனைகளில்தான். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து தேய்த்தோம். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் எறிந்தோம்.

பலகையின் மேல்முகத்தைக் கண்ணாடி மாதிரி இழைக்கவில்லை. சிராய் குத்தாத அளவுக்கு இழைத்து, குறுக்கே கரடுமுரடான உப்புத்தாள் போட்டு விட்டோம். கோடு கோடாகப் பள்ளம் வைத்த பலகை வழுக்காது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பள்ளத்தில் அழுக்கும் ஈரமும் தங்கிப் பாசிக்குத் தோதாகிவிடும் என்பது என் எண்ணம். மரமும் பாசி பிடித்தால் சிமெண்ட் அளவுக்கு வழுக்கத்தான் செய்யும். சீக்கிரம் காய்ந்தால் மட்டும்தான் தப்பிக்கும்.

படி, கேட், கோலம்

உயரம் ஏறினால் கூடவே மூன்று விஷயம் மாறும். முதல் தளத்தில் இவை எதையும் நான் யோசித்திருக்கவில்லை.

சிமெண்ட் தளத்துக்கும் நிலைப்படிக்கும் ஐந்து அங்குலம் இருந்தது. ரப்பர், சட்டம், பலகை எல்லாம் சேர்ந்து மூன்றேகாலுக்குச் சற்று மேல். மிச்சம் ஒன்றரை அங்குலம் போல. சாரல் உள்ளே வராதா என்று அம்மா கேட்டார். தண்ணீர் ஓடும் மட்டம் இன்னும் பழைய சிமெண்ட் மட்டம்தான், பலகை மேல் அது நிற்பதே இல்லை என்பதால் பயமில்லை.

படிதான் பெரிய விஷயம். முற்றத்திலிருந்து ஆறு ஆறு அங்குலமாக மூன்று ஏற்றம். மேலே தளம் ஏறியதும் கடைசி ஏற்றம் மட்டும் ஒன்பதைத் தாண்டிவிட்டது. முதல் தளம் இருந்த காலம் முழுக்க அம்மா அந்தக் கடைசிப் படியில் சுவரைப் பிடித்துத்தான் ஏறினார், மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது படிகளையே இடித்துவிட்டு, மொத்த உயரத்தை நான்கு சம ஏற்றமாகப் பிரித்துக் கட்டினோம். ஒவ்வொன்றும் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. அம்மா சுவரைத் தொடாமல் ஏறுகிறார். வெளிப்பக்கம் திறக்கும் கிரில் கேட்டின் அடியை வெல்டரை வைத்து அறுத்துத் தூக்கினோம், அது அரை நாள் வேலை.

பிறகு வாசல் தெளிப்பது. நம் வீடுகளில் காலையில் ஒரு வாளித் தண்ணீர் வாசலுக்குப் போகும். அது தினமும் மரத்தில் விழுந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். அம்மாவின் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் மாறியிருக்காது. படிக்குக் கீழே நான்கடிக்கு நான்கடி கருங்கல் பாவி, தெளிப்பதும் கோலமும் அங்கே என்று ஆனது. கார்த்திகைக்கு அகல் வைக்க, பலகையின் வெளி ஓரத்தில் இரண்டு இடத்தில் உள்ளங்கை அகலக் கடப்பா கல் பதித்தோம்.

விளிம்பை இந்த முறை அடைக்கவில்லை. "பாம்பு வந்து அடியில படுத்துக்கிட்டா என்ன பண்ணுவ?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி, பின்னால் வயல்தான். கால் அங்குலக் கண் வைத்த ஸ்டெயின்லெஸ் வலையைச் சுற்றிலும் அடித்து, அதன் முன்னால் இடைவெளி விட்டு ரீப்பர் கட்டினோம். முன்பக்கம் வடியும் ஓரத்தில் மூன்று பலகையை ஒரே சட்டகமாகச் செய்து, நான்கு ஸ்க்ரூ கழற்றினால் தூக்கும்படி வைத்தார் ஆசாரி. மருந்து விடாத கிணற்றுப் பக்கத்தைப் பார்ப்பதும் அந்தத் திறப்பு வழியாகத்தான்.

இப்போது

மூன்று சாரல் காலம் கடந்திருக்கிறது. மழை விட்டு வெயில் வந்த இரண்டு மணி நேரத்தில் பலகை காய்ந்துவிடுகிறது. போன சித்திரையில் சட்டத்தின் அடியில் ஈரமானி 14 காட்டியது, ஆவணியில் 18. எல்லாச் சட்டமும் குத்திப் பார்க்க முடியாது, திறப்பு வழியாக எட்டும் நான்கில் பார்த்த கணக்கு இது. மண்குழாய் ஒரே ஒரு முறை, கிணற்றுப் பக்கத்து மூலையில், ரப்பர் துண்டை ஒட்டி இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. உடைத்துச் சுரண்டி எடுத்தேன், மறுபடி வரவில்லை.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் மாற்ற வேண்டி வந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசிய பலகையில், வேப்பமர நிழல் விழும் பக்கம், முதல் வருடமே கறுப்புப் புள்ளி. பூஞ்சை. நம் ஈரத்துக்கு அந்த எண்ணெயை மட்டும் நம்ப முடியாது. கழுவித் தேய்த்துவிட்டு, பூஞ்சைத் தடுப்பானும் நிறமியும் சேர்ந்த டெக் ஆயிலுக்கு மாறினேன், மாசியில் வருடம் ஒரு கை. வார்னிஷ் பக்கமே போகவில்லை. அது மரத்தின் மேல் தோலாக நின்று, வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீரை உள்ளே விட்டுப் பூட்டிவிடும். வெயில் நேராகப் படும் முன்வரிசைப் பலகைகள் சாம்பல் நிறமாகிவிட்டன. அது மேல்நிறம்தான், மரத்துக்கு ஒன்றுமில்லை.

இரண்டு பலகை ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது. வடமேற்கு மூலையில் நிழல் அதிகம், அங்கே மட்டும் ஆடியில் பச்சை பிடிக்கிறது. வேம்பின் தாழ்ந்த கிளை ஒன்றை வைகாசிக்குள் கழிக்க வேண்டும், அம்மா இன்னும் சரி சொல்லவில்லை.